சிலுப்பாத கிடா

வாசுகியின் கிடா உடம்பைச் சிலுப்ப மறுத்த அன்றிலிருந்து, பினாங்குக்கு வடக்கே சிடாம் கிரி தொடங்கித் திகாம் பத்து வரைக்கும் எந்த அடுப்பிலும் கறி வேகவில்லை. மீன் வெந்தது, முட்டை வெந்தது, பருப்பு எப்போதும்போலத் தன் நேரத்துக்கு வெந்தது. ஆடும் கோழியும் மாடும் பன்றியும் மட்டும் சட்டியில் எவ்வளவு நேரம் கொதித்தாலும் வெட்டின நிமிஷத்தில் இருந்த சிவப்போடு அப்படியே கிடந்தன. மீனுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை என்று கேட்டவர்களுக்கு முனியாண்டி கோயில் பூசாரி ராமையா ஒரு பதில் வைத்திருந்தார். மீன் பிறந்ததிலிருந்து தண்ணீரிலேயே கிடக்கிறது, அதன் தலையில் எதை ஊற்றி உத்தரவு கேட்பது என்றார். சுங்கை லாலாங் பக்கம் பெரிய விஷயங்களுக்கெல்லாம் இந்த அளவில்தான் விளக்கம் கிடைக்கும். கேட்டவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு மீன் வாங்கப் போனார்கள்.

இந்த உத்தரவு என்பது என்னவென்று தெரியாதவர்களும் இருப்பார்கள், சொல்லிவிடுகிறேன். தோட்டக் கோயில்களில் நேர்த்திக் கிடாவை எடுத்த எடுப்பில் வெட்டிவிட மாட்டார்கள். மாலை போட்டு, மஞ்சள் தண்ணீரை அதன் தலையிலும் முதுகிலும் ஊற்றிவிட்டு ஊரே சுற்றி நின்று பார்க்கும். கிடா உடம்பைச் சிலுப்பினால் உத்தரவு கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம்தான் கத்தி. தண்ணீர் பட்டால் நாய்கூடத்தான் சிலுப்பும், இதில் சம்மதம் எங்கே இருக்கிறது என்று காலேஜ் படிக்கிற பிள்ளைகள் கேட்பதுண்டு. கேட்டுவிட்டு, இலை போட்டதும் முதல் பந்தியில் உட்கார்ந்துவிடுவார்கள். ரப்பர் பால்மரக் காலத்திலிருந்து இத்தனை வருஷமாக அந்தக் கோயிலில் சிலுப்பாத கிடா என்று ஒன்று நின்றதில்லை. இல்லை என்று ஒரு ஆடு சொன்னால் என்ன செய்வது என்பதை யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை. கோயில் கமிட்டித் தலைவர் நடராஜாகூட யோசிக்கவில்லை, அவர் நாற்காலி வாடகைவரைக்கும் யோசிக்கிற மனுஷர்.

வாசுகியின் கிடா சாதாரண நேர்த்தி இல்லை. அவள் புருஷன் காளிதாசன் கோழிப்பண்ணையில் மண்டோர், ஆட்களை மேய்க்கிற கங்காணி. பழைய தோட்டத்தில் பால்மரத்தை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை போட்டார்கள், பிறகு ஆற்றங்கரைச் சரிவில் செம்பனையையும் அழித்துவிட்டு ஒரு முதலாளி, தவுக்கே என்பார்கள், நீள நீளமாகத் தகரக் கொட்டகைகள் போட்டுக் கோழி வளர்க்க ஆரம்பித்தார். கொட்டகைகளும் அங்கே வேலை செய்த நேப்பாளி, வங்காளிப் பையன்களும் காளிதாசன் பொறுப்பு. ஒரு நாள் காலை தீவன மூட்டைகளுக்கு நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவனைப் பினாங்குக்குக் கொண்டுபோய் நெஞ்சைப் பிளந்தார்கள். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த வாசுகி, முனியாண்டியிடம் நேராகவே பேசினாள். மேஜையிலிருந்து உயிரோடு எழுப்பிக் கொடு, உனக்குக் கறுப்புக் கிடா ஒன்று தருகிறேன், ஒரு உயிருக்கு ஒரு உயிர் என்றாள். காளிதாசன் எழுந்தான். பிள்ளைகள் இல்லாத வீடு அது. அவனும் போயிருந்தால் அவள் நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகக் கறுப்புக் குட்டி ஒன்றை வாங்கிப் பின்கட்டில் கட்டினாள். நேர்த்தி ஆட்டுக்குப் பெயர் வைக்கக் கூடாது, அதனால் வைக்கவில்லை. 'இந்தா' என்று கூப்பிட்டால் வரும். பலா இலை போட்டால் தின்னும், பலா இலை போடாவிட்டால் பக்கத்து வீட்டு ஜோசபினின் செம்பருத்தியைத் தின்னும். ஜோசபின் சுங்கை பட்டாணியில் தொழிற்சாலைக்குப் போகிறவள், மாதா படத்துக்குச் செம்பருத்தி வைக்கிறவள், வாய் கொஞ்சம் நீளம். உன் சாமிக்கு நேர்ந்தது என் சாமி பூவைத் தின்னுதே, இது எந்த ஊர் நியாயம் என்று வேலியோரம் நின்று சத்தம் போடுவாள். போட்டுவிட்டு, அவளே வேலைக்குப் போகும்போது மரவள்ளித் தழையை ஒடித்து அதன் வாயில் கொடுத்துவிட்டுப் போவாள். இப்படியாகக் கிடா கொழுத்தது.

பூசை நாளில் அதற்கு மாலை போட்டு நிறுத்தினார்கள். ராமையா செம்புத் தண்ணீரை ஊற்றினார். கிடா நின்றது. மறுபடி ஊற்றினார். தண்ணீர் அதன் மூக்கு நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது, அதன் உடம்பில் ஒரு மயிர்கூட அசையவில்லை. முதலில் எல்லோரும் சிரித்தார்கள். கிடாவுக்குக் குளிர் பத்தவில்லை என்று ஐஸ் பெட்டியிலிருந்து தண்ணீர் எடுத்து ஊற்றினார்கள். கிடா வெட்டுகிற லோகேஸ்வரன், திகாம் பத்து பசாரில் ஆட்டுக்கறிக் கடை வைத்திருப்பவன், அதன் காதில் ஊதிப் பார்த்தான். ஈரத் துணியை உதறினான். கிடா அவனைப் பார்த்துக்கொண்டு நின்றது. அது இருக்கட்டும் என்று அடுத்த ஆட்டைக் கொண்டுவந்தார்கள், அதுவும் சிலுப்பவில்லை. அன்றைக்கு வந்த எல்லாக் கிடாவும் அப்படியே நனைந்துபோய் வரிசையாக நின்றன. மத்தியானம் ஆகிவிட்டது, சமையல்காரர்கள் வெங்காயத்தை வதக்கிவிட்டுக் காத்திருந்தார்கள், ஊருக்குப் பசி. நடராஜா தன் கிடாவை உத்தரவு இல்லாமலே வெட்டச் சொன்னார். லோகேஸ்வரன் வெட்டினான். அந்தக் கறிதான் முதலில் வேகாமல் போனது. கேஸ் சரியில்லை என்று பால்மரக் கட்டையை வைத்து எரித்தார்கள், அண்டா அடியில் தீ பற்றிக்கொண்டு எரிந்தது, மசாலா கருகியது, கறி மட்டும் சிவப்பாகச் சூடாக இருந்தது. அன்று பந்தியில் ரசமும் அப்பளமும் போட்டார்கள்.

மறுநாள்தான் இது கோயிலோடு நிற்கிற சமாச்சாரம் இல்லை என்று தெரிந்தது. மலாய்க்காரர் கம்பத்தில் ரெண்டாங் கறி வேகவில்லை, சீனர் கடையில் சூப்பு வேகவில்லை, பசாரில் வாட்டுகிற கோழி கம்பியில் சுற்றிச் சுற்றிக் கடைசிவரை பச்சையாகவே சுற்றியது. வெளியூர்க் கறியை வாங்கிவந்தாலும் இந்த எல்லைக்குள் வேகவில்லை. அரசாங்க ஆட்கள் வந்து கறியை டப்பாவில் போட்டு எடுத்துப் போனார்கள், கறி நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். பத்திரிகைக்காரர்கள் வந்து படம் பிடித்தார்கள். படத்தில் பச்சைக் கறி பச்சைக் கறியாகத்தான் தெரியும், அதனால் செய்தி எடுபடவில்லை. ஆட்கள் வாயைக் கட்டிப் பார்த்தார்கள், முடியாதவர்கள் மோட்டாரில் பினாங்குக்குப் போய்த் தின்றுவிட்டு வந்தார்கள். ஊரில் பாதிப் பேர் வாசுகியின் வீட்டைத் தாண்டும்போது பின்கட்டை எட்டிப் பார்த்து, எல்லாம் இதனால் வந்த வினை என்று அவள் காதில் விழுகிற மாதிரி சொன்னார்கள். லோகேஸ்வரன் கடையை மூடவில்லை, தக்காளியும் வெண்டைக்காயும் வாங்கிப் பரப்பினான். கறி வெட்டின கட்டைமேல் வெண்டைக்காயைப் பார்க்க எல்லோருக்கும் ஒரு மாதிரி இருந்தது.

வழியைக் கண்டுபிடித்தவள் ஜோசபின். கண்டுபிடிக்க வேண்டும் என்று செய்யவில்லை, கேலிக்குத்தான் செய்தாள். கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் வீட்டு முற்றத்தில் நின்ற கிழட்டுப் பெட்டைக்கோழியின் தலையில் குவளைத் தண்ணீரை ஊற்றி, என்ன ஆத்தா, உத்தரவு உண்டா என்று கேட்டாள். பெட்டை ஒரு கண்ணால் அவளைப் பார்த்தது, பிறகு கழுத்திலிருந்து வால்வரைக்கும் சிலுப்பிக்கொண்டது. ஜோசபின் குவளையை வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். இருந்தாலும் அறுத்தாள், சட்டியில் போட்டாள், கிழட்டுக் கோழி பஞ்சாக வெந்தது. பிரட்டல் வாசனை அந்தப் பக்கமே மறந்துபோன வாசனை, லயத்து வீடுகளில் இருந்த ஆட்கள் தட்டோடு வந்து நின்றார்கள். ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தாள். தனக்கு வைத்திருந்த துண்டைத் தின்ன முடியாமல் நெடுநேரம் கையிலேயே வைத்திருந்தாள் என்று வாசுகி பிறகு சொன்னாள். அதற்கப்புறம் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. கேட்க வேண்டும், அது சரி என்றால் வேகும், வேண்டாம் என்றால் வேகாது. ஊரே குவளையும் கையுமாக ஆடு கோழிகளின் பின்னால் அலைந்தது. நொண்டி ஆடு ஒன்று சிலுப்பும், கண் மங்கின சேவல் ஒன்று சிலுப்பும். திடமாக நிற்கிறவை ஈரத்தோடு அப்படியே நிற்கும்.

காளிதாசனின் கொட்டகைகளுக்கு லோரி வருவது நின்றுபோனது. வேகாத கோழியை யார் எடுப்பார்? பண்ணைக் கோழி ஒரு மாதமும் சில நாளும்தான் உயிரோடு இருக்கிற பிராணி. அதற்குமேல் அது என்ன ஆகும் என்று மண்டோருக்கே தெரியாது, அதுவரைக்கும் ஒரு கோழியும் அங்கே தங்கியதில்லை. இப்போது தங்கின. நெஞ்சு பெருத்தது, கால் அப்படியே இருந்தது. தன் கனத்தைத் தாங்க முடியாமல் கால் மடங்கித் தரையில் உட்கார்ந்தன, உட்கார்ந்த இடத்தில் நெஞ்சுத் தோல் புண்ணாகித் தண்ணீர்க் குழாய்வரைக்கும் நகர முடியாமல் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. காளிதாசன் பத்து வருஷத்துக்கு மேல் அந்தக் கொட்டகைக்குள் நடந்தவன். கோழியை அவன் ஒரு வெள்ளைத் தரையாகத்தான் பார்த்திருந்தான். இப்போது ஒவ்வொன்றுக்கும் முகம் இருந்தது, எல்லா முகமும் அவன் வரும் பக்கம் திரும்பியது. வீட்டுக்கு வந்து சாப்பாட்டை அளைந்துகொண்டு உட்கார்ந்திருப்பான். வெட்டி அனுப்பினால் பாவம் என்று இருந்தேன், வெட்டாமல் வைத்திருப்பது அதைவிடப் பெரிய பாவமாக இருக்கிறதே, இதை இப்படிப் படைத்தது யார் என்று வாசுகியிடம் கேட்டான். அவள் மோரை ஊற்றினாள்.

கோழிதான் போகவில்லை, தீவன லோரி ஒப்பந்தப்படி வந்துகொண்டே இருந்தது. கடல் தாண்டிக் கப்பலில் வந்த சோளம், எங்கேயோ ஒரு காட்டைச் சாய்த்து விளைவித்தது என்று லோரிக்காரன் போகிற போக்கில் சொன்னான். முன்பெல்லாம் தீவனம் உள்ளே போகும், கோழி வெளியே போகும், கணக்குச் சரியாகிவிடும். இப்போது எல்லாம் உள்ளேயே நின்றதால் எச்சம் கணுக்காலைத் தாண்டி ஏறியது. அதைக் கழுவுகிற தண்ணீர் எங்கே போகும் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்து யாரும் பேசாத ஒன்று. கொட்டகைக்குப் பின்னால் லோங்காங்கில், அந்தச் சாக்கடைக் கால்வாயில், ஒரு இரும்பு மூடி உண்டு. மழை பெய்கிற நாளில் தவுக்கே சொல்வார், காளிதாசன் மூடியைத் திறந்துவிடுவான், எல்லாம் ஆற்றோடு போய்விடும். மழைத் தண்ணீர் கலங்கலாகத்தான் இருக்கும், யாருக்கும் தெரியாது. கோயில் பூசைக்கு ஆற்றில் தண்ணீர் எடுக்கிற வழக்கத்தை ராமையா சத்தமில்லாமல் நிறுத்திவிட்டுப் பாட்டில் தண்ணீர் வாங்க ஆரம்பித்துச் சில வருஷம் ஆகியிருந்தது. இந்தக் கோழிச் சனியனைத் தாங்க முடியாமல் தவுக்கே ஒரு நாள் எல்லை தாண்டி ஹாட்யாய் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார், போனவர் போனவர்தான். பெரிய மழை வந்தது. மூடியைத் திறக்கச் சொல்ல ஆள் இல்லை. காளிதாசன் மழையில் நனைந்துகொண்டு அந்த மூடியின் மேல் ஏறி நின்றான். இத்தனை நாளும் தவுக்கே சொன்னார், நான் செய்தேன். இன்றைக்குத் திறந்தால் அது நான்தான் என்று பக்கத்தில் நின்ற நேப்பாளிப் பையனிடம் தமிழிலேயே சொன்னான். பையனுக்கு என்ன புரிந்ததோ, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தான். எச்சத்தை வாரிச் செம்பனை வரிசைகளுக்குச் சுமந்தார்கள்.

அதன்பிறகு காளிதாசன் தோட்டத்துக்கு மருந்தடிக்கிற தும்பிப் பம்பைக் கழுவிச் சுத்தம் செய்து, அதில் நல்ல தண்ணீரை நிரப்பித் தோளில் மாட்டிக்கொண்டு கொட்டகைக்குள் இறங்கினான். ஒவ்வொரு கோழியாகக் குனிந்து தெளித்துக் கேட்டான். ஆயிரக்கணக்கான கோழி. ஊர் சிரித்தது, மண்டோருக்கு நெஞ்சைப் பிளக்கும்போது மண்டையும் கொஞ்சம் கழன்றுவிட்டது என்றார்கள். நிற்க முடிந்த கோழி சிலுப்பவில்லை. நிற்க முடியாமல் கிடந்தவை, அதிலும் எல்லாம் இல்லை, கிடந்த இடத்திலேயே இறகைச் சிலுப்பின. அவற்றைக் கூடையில் அடுக்கி லோகேஸ்வரனிடம் கொண்டுபோனான். அவை வெந்தன. ஊர் வாங்கித் தின்றது, ஆனால் முன்னைப்போல இல்லை. முன்பு கோழி தின்னும்போது கோழியைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், இப்போது கால் போனதா, நெஞ்சுப் புண்ணா, எத்தனை நாளாகக் கிடந்தது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு தின்றார்கள். தெரிந்தபின் நிறையத் தின்ன முடியவில்லை. எலும்பைக் கடித்து உறிஞ்சுவதில் நடராஜாவை மிஞ்ச ஆள் கிடையாது. அவரே இரண்டு துண்டோடு கை கழுவினார். வேண்டாம் என்ற கோழிகளுக்கு, கடைசியாக வந்த தீவனம் தீரும்வரை போட்டார்கள், பிறகு உடைத்த மரவள்ளி போட்டார்கள். அவை தாமாகச் செத்தபோது குழி வெட்டிப் புதைத்தார்கள். மறு வருஷம் கொட்டகைகள் காலியாகத் தகரம் மட்டும் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அதற்கடுத்த வருஷம் ஆற்றில் விரால் வந்துவிட்டது என்று கம்பத்து ஆட்கள் தூண்டில் போட ஆரம்பித்தார்கள். காளிதாசனுக்கு வேலை போய்விட்டது. ஒரு கார் கழுவுகிற கடையில் சேர்ந்தான்.

இப்படியே நல்லபடியாக முடிந்திருக்கலாம். காளிதாசனுக்கு மறுபடி நெஞ்சு வலி வந்தது. மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார்கள், மறுபடி பிளப்பதற்கு உடம்பு தாங்காது என்றும் சொல்லிவிட்டார்கள். வாசுகிக்குக் காரணம் தெரியும். சாமியிடம் உயிரை வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லை, சாமி திரும்பக் கேட்கிறது. கிடா இதற்குள் முழு வளர்த்தியில் கொம்பு வளைந்து, கறுப்பு மினுமினுத்து நின்றது. வெள்ளிக்கிழமைதோறும் அதை ஆற்றங்கரைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்த் தண்ணீரை ஊற்றினாள். தண்ணீரை ஊற்றிவிட்டு அதன் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து பேசுவாள். உனக்கு நான் என்ன குறை வைத்தேன், பலா இலை இல்லாத நாளில் வேலிவரைக்கும் தின்னவிட்டேனே, ஒரே ஒரு தடவை சிலுப்பித் தொலையேன், எனக்கு இருக்கிறது ஒரே ஆள் என்று கெஞ்சுவாள். சில வெள்ளி திட்டுவாள். கிடா அவள் கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை மோந்து பார்க்கும். நனைந்த மயிர் ஒட்டிக்கொண்டு அது வீடு திரும்புகிறவரைக்கும் அப்படியே காயும். வாசுகி இளைத்துப் போனாள். புருஷனுக்கு வியாதியா பெண்சாதிக்கு வியாதியா என்று பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும்படி ஆகிவிட்டாள்.

லோகேஸ்வரனுக்குத்தான் அந்த யோசனை வந்தது. கெட்ட எண்ணமில்லை, காளிதாசன் அவனுக்கு அண்ணன் முறை, அண்ணி படுகிற பாட்டைப் பார்த்துத்தான் சொன்னான்.

"அண்ணி, ஊருக்கு வேகலன்னா ஊரு சாம்பார் சாப்பிட்டுப் போவட்டும்லா. சாமிக்கு என்ன வேக வெச்சா குடுக்குறோம்? ரத்தந்தானே. நீங்க ம்னு சொல்லுங்க, நான் போட்டுர்றேன்."

வாசுகி அன்றைக்கு ம் என்று சொல்லவில்லை. மறுநாள் காளிதாசன் குளிக்கப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினதைப் பார்த்துவிட்டு, போன் பண்ணிச் சொன்னாள். வெள்ளிக்கிழமை காலை லோகேஸ்வரன் கத்தியோடும், ராமையா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டும் கோயிலுக்கு வந்தார்கள். கிடாவைக் கயிற்றில் இழுத்துப் பிடித்துக் கழுத்தை நீட்டவைத்த நேரத்தில் காளிதாசன் செம்பனை வரிசை வழியாக வந்தான். ஜோசபின்தான் சொல்லியிருக்கிறாள். அவ்வளவு தூரம் நடந்து பல மாதம் ஆகியிருந்தது, வந்ததும் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கயித்த விடு, லோகேஸு."

"நீங்க பேசாம இருங்க. இது எனக்கும் சாமிக்கும் உள்ளது" என்றாள் வாசுகி.

"ஒனக்கும் சாமிக்கும் உள்ளதுல வெட்டுப்படுறது யாரு?"

காளிதாசன் மூச்சைப் பிடித்துப் பிடித்துப் பேசினான். "இத்தன வருஷமா லோரி லோரியா ஏத்தி அனுப்புனேன். ஒண்ணுகிட்டயும் கேட்டதில்ல. கேக்கணும்னே தெரியாது. இது வேணான்னு ஊரு முன்னால சொல்லிருச்சு. தெரிஞ்சே செய்யச் சொல்றியா, புள்ள? நீ என் உசுருக்கு வேண்டிக்கிட்ட. அதுவும் அதோட உசுருக்கு வேண்டிக்கிட்டிருக்கும்ல."

"அப்ப நீங்க போயிட்டா நான் என்னங்க செய்வேன்?"

லோகேஸ்வரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். காளிதாசன் வேலிக் கம்பை விட்டு நிமிர்ந்தான்.

"அதுக்கு என்கிட்ட பதில் இல்ல" என்றான்.

வந்து தானே கயிற்றை அவிழ்த்தான். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவன் முன்னால், கிடா நடுவில், வாசுகி கடைசியில் நடந்தார்கள். அவள் அந்த வாரம் முழுக்க அவனோடு பேசவில்லை. தட்டை வைப்பாள், மாத்திரையை வைப்பாள், திரும்பிக்கொள்வாள். ஒரு ஆட்டுக்காக என்னை விட்டுக்கொடுத்துவிட்டார் என்று ஜோசபினிடம் சொல்லிச் சொல்லி அழுதாள். ஜோசபின், அவர் உன்னை விடவில்லை, ஆட்டைப் பிடித்துக்கொள்ளவும் இல்லை, மனசுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார், அவ்வளவுதான் என்றாள். அது வாசுகிக்கு ஆறுதலாக இல்லை. பிறகு அவளே பேச ஆரம்பித்தாள், எத்தனை நாளைக்குப் பேசாமல் இருப்பது, இருக்கிற நாளே கொஞ்சம் என்று தெரிந்தபின்.

காளிதாசன் அந்த மழைக் காலம் முடிகிறபோது செத்துப்போனான். காலையில் காப்பி குடித்துக்கொண்டே, வெயில் வந்துடுச்சு, துணி காயும் என்று சொல்லிவிட்டுக் குவளையைக் கீழே வைத்தவன் அப்படியே சாய்ந்தான். ஊரே வந்தது, தவுக்கே மட்டும் வரவில்லை. முற்றத்தில் பெஞ்சு போட்டு உட்காரவைத்து எண்ணெய் சீயக்காய் வைத்து, முறைக்காரர்கள் ஆளுக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார்கள். கிடா கொஞ்சம் தள்ளிப் பலா மரத்தடியில் கட்டிக் கிடந்தது, அதன்மேல் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை. காளிதாசன் தலையில் வாசுகி கடைசிக் குடத்தை ஊற்றியபோது, அந்தக் கிடா கொம்பு நுனியிலிருந்து வால்வரைக்கும் உடம்பை உலுக்கிச் சிலுப்பியது. அதன் கழுத்து மணி அடித்தது, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ராமையா கையெடுத்துக் கும்பிட்டார். பறை அடிக்கிறவர்கள் நிறுத்திவிட்டார்கள். வாசுகி குடத்தைப் போட்டுவிட்டு ஈரச் சேலையோடு மரத்தடிக்கு ஓடிப்போய் அதன் முகத்தில் கையால் அறைந்தாள்.

"இப்பத்தான் மனசு வந்துச்சா ஒனக்கு?"

மறுபடி மறுபடி அறைந்தாள். கிடா முகத்தைத் திருப்பவில்லை. ஜோசபின் வந்து அவளை இழுத்துக்கொண்டு போனாள்.

கருமாதிக்கு முந்தின நாள் நடராஜாவும் ராமையாவும் லோகேஸ்வரனும் வந்து உட்கார்ந்தார்கள். செத்தவனுக்குக் கறி ஆக்கிப் படைப்பதுதான் வழக்கம், கிடாவும் தானாக உத்தரவு கொடுத்துவிட்டது, தண்ணீர் ஊற்றாமலே கொடுத்தது, இதற்குமேல் ஒரு சம்மதம் உண்டா, சாமி கடனும் தீர்ந்துபோகும் என்று நடராஜா பக்குவமாக எடுத்துச் சொன்னார். ஊர் எதிர்பார்த்தது, அவள் கத்தியைத் தானே எடுத்துக் கொடுப்பாள் என்றுதான். அன்றைக்கு அவள் அறைந்த அறையைப் பார்த்தவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள். வாசுகி எல்லாவற்றையும் கேட்டாள். எழுந்துபோய்ப் பின்கதவைத் திறந்து கிடாவைப் பார்த்தாள், அதுவும் அவளைப் பார்த்தது.

"நான் கேட்டப்ப அது குடுக்கல" என்றாள். "இப்ப அது குடுக்குது. நான் கேக்கல."

நடராஜா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். கருமாதிக்குப் பூசணிக்காய்க் கூட்டும் பருப்பும் வடையும் போட்டார்கள், காளிதாசனுக்குப் பிடித்த விரால் மீன் குழம்பு மட்டும் இலையில் படைத்தார்கள். ஆற்றில் பிடித்த மீன் என்று லோகேஸ்வரன் இரண்டு தடவை சொன்னான்.

அதற்கப்புறமும் அந்தப் பக்கம் கேட்காத கறி வேகவில்லை, இன்றைக்கும் வேகாது. புதிதாகக் குடி வருகிறவர்கள் முதல் வாரம் கடைக்காரனிடம் சண்டைக்குப் போவார்கள், இரண்டாவது வாரம் பழகிக்கொள்வார்கள். அன்றைக்கு வெட்டியிருந்தால் அவர் இருந்திருப்பாரா என்று வாசுகி எப்போதாவது ஜோசபினிடம் கேட்பாள். ஜோசபின் எதற்கும் வாய் வைத்திருப்பவள், இதற்கு மட்டும் மரவள்ளித் தழை ஒடிக்கப் போய்விடுவாள். கிடாவுக்கு வயசாகிவிட்டது, முன்னங்கால் ஒன்று இழுத்துக்கொண்டது, பலா இலையை வாசுகி கிழித்துப் போட்டால்தான் தின்கிறது. காலையில் அவள் குளித்துவிட்டு ஈரத் தலையோடு பின்கட்டுக்கு வரும்போதெல்லாம் அது எழுந்து நின்று ஒரு தடவை உடம்பைச் சிலுப்பும். வேண்டாம், படு என்று சொல்லிவிட்டு அவள் துணி காயப்போடப் போவாள்.